இருபத்திரண்டடி

கவிங்டனில், ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி,
செங்கல் வீடுகள் தோளோடு தோள் நிற்கும் வரிசையில்
ஒரே ஒரு வெற்றிடம்.
விழுந்த பல் என்பார்கள் எல்லாரும்.
பல் விழுந்த இடத்தில் மல்பெரி முளைக்காது,
யாரோ போட்டுப்போன மெத்தை மழையில் ஊறாது.
நான் அப்படிச் சொல்வதில்லை.
அகலம் இருபத்திரண்டடி, நீளம் தொண்ணூறு
என்றுதான் என் நோட்டில் இருக்கிறது.

முதல் வாரம் எதுவும் வரையவில்லை.
டேப்பும் பென்சிலுமாய்த் தெருவை அளந்தேன்.
வாசற்படிகள்: நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு.
ஜன்னல்கள் அகலத்தைப் போல்
இரண்டேகால் மடங்கு உயரம்,
கழுத்தை நீட்டி யாரையோ தேடுகிற மாதிரி.
கார்னிஸ் கோடு மட்டும்
வீட்டுக்கு வீடு அரையடி இறங்குகிறது,
கிழக்கே லிக்கிங் ஆற்றைப் பார்த்துத் தெரு சாய்வதால்.

பந்தியில் பிந்தி வந்தவன்
சாப்பிடுகிறவர்களை இடிக்காமல்
முழங்கை மடக்கி உட்காருவான் இல்லையா,
அப்படி உட்கார வேண்டும் இந்த வீடு.
அதற்காக வேஷம் போடவும் கூடாது.
புதுச் செங்கல்லைச் சங்கிலியால் அடித்துப்
பழசாக்கித் தருகிறேன் என்றான் ஒரு வியாபாரி.
வேண்டாம் என்றேன்.
பிறந்த வருஷத்தைப் பொய் சொல்லும் வீட்டில்
யார் தூங்குவது?

பாரம்பரியக் குழு இரண்டாவது செவ்வாய் கூடியது.
வினிஃப்ரெட் ஹாக்ஸ்ட்ரா ஸ்கேலோடு வந்திருந்தாள்.
ஜன்னல் சட்டம் மரமா, அலுமினியமா?
கதவு எத்தனை அங்குலம் உள்ளடங்கி?
சாந்து சாம்பல் நிறமா, அதைவிட மங்கலா?
ஒன்றரை மணி நேரம்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது.
கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்து
ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மனையில் அவரைப் பார்த்தேன்.
ஆம்ப்ரோஸ் பெட்வே, மேற்கு வீட்டுக்காரர்,
இரவு பஸ் ஓட்டுகிறவர்.
அவர் சுவரில், எரிந்துபோன வீட்டின் மாடிப்படி
சாய்ந்த கறுப்புக் கோடாக
இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.
மேலே, தரையில்லாத அறையில்,
அந்தரத்தில் ஒரு கணப்படுப்பு.
கோட்டுக்குக் கீழே
யாரிடமும் கேட்காமல் அவர் வெட்டிய ஜன்னல்.
பத்தொன்பது வருஷமாக
அவர் சமையலறைக்குக் காலை வருவது அதன் வழியாக.
வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
அந்த வெளிச்சத்தில் முட்டை பொரிப்பாராம்.
"சட்டப்படி எனக்கு உரிமையில்லை, தெரியும்" என்றார்.
அதோடு உள்ளே போய்விட்டார்.

என் வரைபடத்தில் அந்த இடத்தில்
ஒரு துணி அலமாரி இருந்தது.

தெருவோடு எப்படிப் பொருந்துவது என்று
மூன்று மாதம் யோசித்தவள் நான்.
தெரு என்றால் முகப்பு என்று
யார் சொல்லிக் கொடுத்தார்கள் எனக்கு?
அன்று ராத்திரி பின்பக்கத்தில்
நான்கடிக்குப் பதினோரடி வெட்டி எடுத்தேன்,
தெற்கே தோட்டத்துக்குத் திறந்தபடி.
வீடு கட்டுகிற லெனோர்
இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.
பிறகு கேட்டாள்: "என் கோட்டுகளை எங்கே மாட்டுவது?"
மாடிப்படிக்கு அடியில் என்றேன்.
பணம் கொடுப்பவள் அவள், முனகிவிட்டு ஒத்துக்கொண்டாள்.

வினிஃப்ரெட் அந்த வெட்டில் ஸ்கேலை வைத்தாள்.
"தெருவிலிருந்து தெரியாது. எங்கள் வேலையில்லை."
பக்கத்தைப் புரட்டினாள்.

கறுப்புப் படிக்கோட்டைப் பூச வேண்டாமென்று
குறிப்பில் எழுதினேன்.
அந்த நான்கடிக்குள் அது இருக்கட்டும்,
எங்கும் போய்ச் சேராமல்.

பெட்வே வரைபடத்தை பானெட்டில் விரித்துப் பார்த்தார்.
கேட்டது ஒன்றுதான்:
உங்கள் பக்கச் சுவர் என்ன நிறம்?
வெள்ளை, என்றேன்.
உண்மையையும் சொன்னேன்:
காலை வெயில் பழையபடி வராது,
பத்தரைக்கு மேல், எங்கள் சுவரில் பட்டுத்
திரும்பித்தான் வரும்.
"அது நான் தூங்கும் நேரமாயிற்றே" என்றார்.
தாளை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை,
மறுபடி மடித்தார்.
"சரி. கொஞ்சம் விழித்திருக்கலாம்."